கொசுவலைக்குள் அவரை

கொத்தமல்லியைப் பூக்கவிட்டது குற்றம் என்று எங்கள் வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. விசாரணை நடந்த இடம் துவைக்கிற கல்லடி. நீதிபதி என் கணவரின் அண்ணன். புகார் கொடுத்தவர் அவருடைய மனைவி, அதாவது என் ஓரகத்தி. சாட்சியாக ஒரு வெள்ளைச் சட்டை.

“மூணாவது சட்டை இது. தோள்ல பாரு, மஞ்சளா. ரெண்டு தடவை துவைச்சும் போகல. இவர் இதைப் போட்டுக்கிட்டுத்தான் ஸ்கூல் பஸ் ஓட்டணும். புள்ளைங்க எல்லாம் ‘டிரைவர் அங்கிள், வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சீங்களா’ன்னு கேக்குதுங்களாம்.”

சூரியகாந்தியின் மகரந்தத் தூள்தான். மறுக்க வழியில்லை. துணிக்கம்பிக்கு மேலே வளர்ந்துவிட்ட அந்த மூன்று செடிகளை அன்றே வெட்டிவிடுகிறேன் என்றேன். சட்டைக்கு அது போதும். ஆனால் சட்டை வெறும் முன்னுரை.

கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நாங்கள். பின்பக்கத்து மண் இரண்டு குடும்பத்துக்கும் பாதிப்பாதி. நடுவே ஓடும் துணிக்கம்பிதான் எல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அக்காவின் அவரைப் பந்தல். (ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், கோபம் வரும்போது இன்னும் அழுத்திக் கூப்பிடுவேன்.) இந்தப் பக்கம் என் அவரை, கத்தரி, வெண்டை. கம்பிக்கு நேர் கீழே, என் பக்கத்து மண்ணில், இரண்டு அடி அகலத்துக்கு நீளமாக ஒரு பாத்தி எடுத்து அதில் காய்க்காக எதையும் போடாமல் கொத்தமல்லி, கடுகு, சோம்பு, செண்டுமல்லி, ஓரத்தில் சூரியகாந்தி என்று பூவுக்காகவே விதைத்திருந்தேன்.

“சட்டையை விடு,” என்றார் அக்கா. “உன் அவரையைப் பாரு. கொழுந்து பூரா கறுப்பா அப்பிக் கிடக்கு. என் அவரையைப் பாரு. ஒண்ணு இருக்கா? நான் பூ வெச்சேனா? பூ வெச்சா பூச்சி வரும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“வரணும்னுதான்க்கா வெச்சேன்.”

சொல்லியிருக்கக் கூடாது. அத்தான் சிரித்துவிட்டார். கணவரின் அண்ணனை எங்கள் வீட்டில் அத்தான் என்போம். நல்ல மனிதர், ஆனால் சிரிக்கத் தொடங்கினால் பஸ் பிரேக் மாதிரி இழுத்துக்கொண்டே போகும்.

“ஏம்மா மெக்கானிக்கு, பூச்சிக்கு நீயே பத்திரிகை வெச்சு அழைக்கிறியா?”

நான் ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் பழுது பார்க்கிறவள். அதனால் வீட்டில் எனக்கு அந்தப் பெயர். அதைச் சொல்லும்போது மரியாதை கால் பங்கு, கிண்டல் முக்கால் பங்கு இருக்கும்.

நான் விளக்கினேன். எனக்கு விளக்கப் பிடிக்கும், அதுதான் என் கேடு. இலையில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் அசுவினிக்கு எதிரிகள் உண்டு. ஒன்று, பொறிவண்டு. இன்னொன்று, தேனீபோல மஞ்சள் வரி போட்டுக்கொண்டு அந்தரத்தில் அப்படியே நின்று பறக்கும் ஒரு சின்ன ஈ. அந்த ஈ தாயாக இருக்கும்போது பூவைத் தவிர எதையும் தொடாது. அதன் குஞ்சுப்புழுதான் அசுவினியை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துச் சாற்றை உறிஞ்சிவிட்டுத் தோலை வீசும். ஆக, குஞ்சு வேண்டுமென்றால் தாய்க்குச் சாப்பாடு போடவேண்டும். தாய்க்கோ வாய் குட்டை. செம்பருத்தி மாதிரி ஆழமான பூவில் அதற்குத் தேன் எட்டாது. கொத்தமல்லிப் பூ தட்டில் பரிமாறியதுபோல மேலாகவே தேன் வைத்திருக்கும். அதனால்தான் சமையலுக்கு வாங்கிய முழு மல்லியைத் தரையில் போட்டு உள்ளங்கையால் தேய்த்து, இரண்டாகப் பிளந்து, ஒரே நாளில் விதைக்காமல் வாரம் விட்டு வாரம் விதைத்தேன். ஒரு வரிசை காயும்போது அடுத்த வரிசை பூத்திருக்கும், விருந்து நிற்காது...

“முடிச்சிட்டியா?” என்றார் அக்கா. “அப்போ விருந்து சாப்பிட்டவங்க எல்லாம் எங்க? உன் அவரைல காணோமே?”

நான் சொன்னது அத்தனையும் சரி. கண்ணெதிரே இருந்த செடி மட்டும் அவர் பக்கம் சாட்சி சொன்னது.

“இந்த மாசக் கடைசி ஞாயிறு வரைக்கும் பாப்போம்,” என்றார் அத்தான். “பூச்சி போகலேன்னா பூ போகும். என்னடா?”

கடைசி வார்த்தை என் கணவருக்கு. அவர் கையிலிருந்த டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு, “சரிண்ணே,” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டம்ளரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். எறிந்திருந்தால் விஷயம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும்.

தையல் மெஷினில் ஒரு கோளாறு உண்டு. துணிக்கு அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் உடனே அடிநூல் சுற்றியிருக்கும் பாபினைத் திருக ஆரம்பிப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. மேல் நூல்தான் தளர்ந்திருக்கும். ஆகவே தப்பு எங்கே தெரிகிறதோ அங்கேயே தேடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அசுவினியை விட்டுவிட்டு, அதைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

எறும்புகள் இருந்தன. கொடியில் ஏறுவது ஒரு சாரி, இறங்குவது ஒரு சாரி. அசுவினியின் பின்பக்கத்தை ஓர் எறும்பு மீசையால் தட்டுகிறது. உடனே ஒரு துளி இனிப்புநீர் வருகிறது. எறும்பு குடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. மாடு கறக்கிற மாதிரிதான். கறக்கிறவன் மாட்டைக் காவல் காக்கமாட்டானா? கொத்தமல்லிப் பூவிலிருந்து ஒரு பொறிவண்டு பறந்து வந்து அவரைக் கொழுந்தில் உட்கார்ந்தது. நான்கு எறும்புகள் பாய்ந்து அதன் காலைக் கடித்து இழுத்துக் கீழே தள்ளின. என் விருந்தாளிகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வாசலில் அடியாள் நின்றான்.

அடியாளை யார் வைத்தது? எறும்புச் சாரியைக் கொடியிலிருந்து கீழே, தண்டு வழியாக, வேர் வரைக்கும் தொடர்ந்தேன். வேரடியில் வடிகட்டிப் போட்ட டீத்தூள் சண்டு குவிந்திருந்தது. அதன்மேல் எறும்பு மொய்த்துக் கிடந்தது. விரலால் தொட்டேன். பிசுபிசுத்தது.

மாடிக்கு ஏறிப் போய்க் கேட்டேன். “ஏங்க, அவரைக்கு அடியில டீ ஊத்துறீங்களா?”

அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை. “தினமும் காலைல. வடிகட்டின சண்டு, டம்ளர்ல மிச்சம் இருக்கிறது, எல்லாம். டீத்தூள் செடிக்குச் சத்து. அண்ணி சொன்னாங்க, அவங்களும் போடுறாங்க. உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னுதான்.”

“ஒரு டம்ளர் டீக்கு நீங்க எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுவீங்க?”

“அது எதுக்கு இப்போ?”

“சொல்லுங்க.”

“...நாலு.”

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. அந்த வீட்டில் டீயில் சர்க்கரை விழுந்து வருஷங்கள் ஆகின்றன. அதே சண்டு, அதே மண், அதே அவரை. அக்கா ஊற்றியது வெறும் டீ, இவர் ஊற்றியது எறும்புக்குப் பாயசம். இனிப்புக்கு வந்த எறும்பு, மேலே கொடியில் இன்னொரு இனிப்பு ஊறுவதைக் கண்டுபிடித்துக் குடித்தனம் வைத்துவிட்டது. அந்தப் பக்கம் எறும்பு இல்லை. அதனால் என் பூவில் தேன் குடித்த வண்டும் ஈயும் தடுக்க ஆளில்லாமல் அக்காவின் பந்தலில் போய் முட்டையிட்டு, அந்த அவரையைச் சுத்தமாக வைத்திருந்தன. என் பூவின் கூலியாட்கள் அவர் வயலில் வேலை செய்தார்கள், அவரோ அந்தப் பூவைப் பிடுங்கச் சொல்கிறார்!

நான் படியில் இறங்கத் திரும்பினேன். கணவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கீழ போய்ச் சொல்லிடாதே. உனக்குப் புண்ணியமாப் போகும். அண்ணனுக்குத் தெரிஞ்சா பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் சொல்லிச் சிரிப்பார். நீ சத்தமில்லாம சரிபண்ணிடு. சரியாயிட்டா யாரு கேக்கப்போறாங்க?”

“பழி என் தலைல நிக்குதுங்க.”

“கொஞ்ச நாளுக்குத்தானே.”

வாயை மூடிக்கொண்டேன். இன்றுவரைக்கும் எனக்கு ஆறாத விஷயம் அது.

சரிபண்ணுவது எளிது. டீச்சண்டு முழுவதையும் அள்ளிக் குப்பையில் போட்டேன். மண்ணை நன்றாக நனைத்துக் கிளறினேன். தொழிற்சாலைக் கழிவுத்துணியை நாடாவாகக் கிழித்து, தண்டுகளிலும் பந்தல் கால்களிலும் சுற்றி, துணிமேல் மெஷின் கிரீஸைத் தடவினேன். தண்டில் நேராகத் தடவினால் தோல் வெந்துவிடும், துணி அதற்காகத்தான். எறும்பு கிரீஸ் வரைக்கும் வந்து, மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அடியாள் போனதும் விருந்தாளிகள் உள்ளே வந்தார்கள். இலைக்கு அடியில் மஞ்சள் முட்டைகள் கொத்தாக நின்றன. பிறகு அவற்றிலிருந்து குஞ்சுகள் வந்தன.

குஞ்சுகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பொறிவண்டு அழகு, ஆனால் அதன் பிள்ளை பார்க்கச் சகிக்காது. சாம்பல் கறுப்பு, முதுகெல்லாம் முள், இரண்டு பக்கமும் ஆரஞ்சுப் புள்ளி. அரிசி நீளத்துக்கு ஒரு முதலைக்குட்டி. அது ஒரு நாளில் தின்கிற அளவு அசுவினியைத் தாய் வண்டு தின்னாது. யாரும் அதை அந்த வண்டின் பிள்ளை என்று நினைக்கமாட்டார்கள். அக்காவும் நினைக்கவில்லை.

“ஐயையோ! என்னடி இது, பிசாசு மாதிரி! உன் பூவுலேருந்து என் பந்தலுக்கு வந்துடுச்சு!”

நான் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். “அக்கா, நசுக்காதீங்க! அது நல்லது!”

“நல்லதா? முகத்தைப் பாத்தா நல்லதாவா தெரியுது?”

“முகத்தைப் பாத்து முடிவு பண்றதா இருந்தா நம்ம வீட்டுல பாதிப்பேர் வெளியதான்க்கா நிக்கணும்.”

இதையும் சொல்லியிருக்கக் கூடாது. அன்று சாயங்காலமே பரணிலிருந்து பழைய கொசுவலை இறங்கியது. இரட்டைக் கட்டிலுக்கான பெரிய வலை. இலை இலையாகப் பார்த்து அந்தக் குட்டி முதலைகளை எல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு, அக்கா வலையைப் பந்தல் முழுவதும் போர்த்தி, நான்கு பக்கமும் மண்ணில் செருகி, மேலே செங்கல் வைத்தார். கை தட்டித் தூசியை உதறிக்கொண்டே, “இப்ப வரச்சொல்லு உன் விருந்தாளிங்கள,” என்றார்.

வலை பெரிய எதிரியைத்தான் தடுக்கும். அசுவினி கொஞ்சம் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது, இரண்டு கொழுந்துக்கு ஒன்று, கண்ணில் படாத அளவுக்கு. அசுவினிக்கு ஆண் துணை தேவையில்லை, முட்டைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். தாய் குட்டியாகவே ஈனும். ஈனும்போதே அந்தக் குட்டியின் வயிற்றுக்குள் அடுத்த குட்டி வளர ஆரம்பித்திருக்கும். பாட்டியும் அம்மாவும் மகளும் ஒரே வாரத்தில். அதை அடக்கி வைத்திருந்தது தின்ன வந்த வாய்கள் மட்டுமே. அந்த வாய்களைப் பொறுக்கிப் போட்டாயிற்று, வாசலைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று.

“அக்கா, வலையை எடுத்துடுங்க. உள்ள இருக்கிறது பெருகிடும்.”

“உனக்கு என் அவரை நல்லா இருக்கிறது பொறுக்கல.”

அதற்குமேல் என்ன பேச?

நான் நினைத்ததைவிட வேகமாகவே நடந்தது. வலைக்குள் முதலில் கொழுந்து சுருண்டது. பிறகு பூக்காம்பு கறுத்தது. கடைசி ஞாயிறு நெருங்கும்போது என் பக்கத்து அவரை கைவைத்துத் துடைத்ததுபோல இருந்தது. வலைக்குள் இலை மேலெல்லாம் பிசின் வடிந்து மினுமினுத்தது.

இனியாவது புரியும் என்றுதானே நீங்களும் நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன்.

“பாத்தியா,” என்று அத்தானிடம் அக்கா சொன்னது மாடிவரை கேட்டது. “அவ பூச்சி எல்லாம் நம்ம பக்கம் வந்துடுச்சு.”

நான் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, “மூடின வலைக்குள்ள எப்படிக்கா வந்தது?” என்றேன்.

“அது உனக்குத்தான் தெரியும். நீதானே மெக்கானிக்!”

என் செடியில் பூச்சி இருந்தாலும் பூதான் குற்றவாளி, அவர் செடியில் இருந்தாலும் பூதான் குற்றவாளி. இப்படிப்பட்ட நியாயத்தை வைத்துக்கொண்டு ஒரு மெஷினை ஓட்டிப் பாருங்கள், ஊசி உடைந்து கண்ணில் தெறிக்கும்.

அந்த ஞாயிறு எனக்கு விடுமுறை இல்லை. அவசர ஆர்டர், காலர் அடிக்கும் மெஷின் நின்றுவிட்டது என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். வேலையை முடித்துவிட்டு மதியம் வீட்டுக்குள் நுழையும்போதே மூக்கில் கொத்தமல்லி வாசனை அடித்தது. பூவின் வாசனை இல்லை, கசங்கிய தண்டின் பச்சை வாசனை. பின்பக்கம் ஓடினேன்.

அத்தான் மண்வெட்டியோடு நின்றார். பாத்தியின் பாதி போய்விட்டிருந்தது. வேரோடு புரட்டிய கடுகும் மல்லியும் குவியலாகக் கிடந்தன. அந்தக் குவியலின் வாடும் பூக்கள்மேல் வரி போட்ட அந்தச் சின்ன ஈக்கள் இன்னும் வந்து வந்து நின்றன. வீடு இடிந்தது தெரியாமல் கதவு தட்டுகிற மாதிரி. அத்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மீதிப் பாதி தப்பியிருந்தது அந்த இடுப்பால்தான்.

நான் போய் மீதிப் பாத்திக்கு முன்னால் நின்றேன். பையில் போட மறந்து கொண்டுவந்த ஸ்பேனர் இன்னும் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

“மெஷின் தப்பு செஞ்சா நான் பிரிச்சுப் பாப்பேன் அத்தான். பிரிச்சுப் பாக்காம சம்மட்டியால அடிக்கமாட்டேன். என் செடில பூச்சி இருக்கா? வந்து பாருங்க. ஒரு இலை, ஒரே ஒரு இலை காட்டுங்க.”

“பேச்சு பேச்சா இருக்கட்டும்மா,” என்றார் அவர், ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டு. “உனக்கு மொதல்ல எப்படி வந்தது, அதைச் சொல்லு. பூ வெச்சதுக்கு அப்புறம்தானே வந்தது?”

என் கணவர் படிக்கட்டில் நின்றிருந்தார். அவரைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

அவர் இறங்கி வந்தார். “அண்ணே, அது பூவால வந்தது இல்ல. என் டீயால.”

“என்னடா?”

“தினமும் டீச்சண்டு ஊத்தினேன். சர்க்கரைக்கு எறும்பு வந்துச்சு. எறும்பு வண்டை எல்லாம் விரட்டிடுச்சு. ஊத்தறதை நிறுத்தினதும் சரியாயிடுச்சு. அவளுக்கு அப்பவே தெரியும். நான்தான் சொல்லவேண்டாம்னேன்.”

அத்தானுக்குச் சிரிப்பு வந்தது. தம்பியைப் பார்த்து ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். அக்கா விடவில்லை.

“நானும்தான் ஊத்தறேன். எனக்கு வரலையே?”

“உங்க டீல ஏது அண்ணி சர்க்கரை?” என்றார் என் கணவர், மெதுவாக.

அத்தான் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். “சரி, மீதி இருக்கட்டும்,” என்றார். இருக்கட்டும்! எனக்குச் சேர வேண்டியதை எனக்கே தானம் கொடுக்கிற குரலில்.

“வலையை எடுங்கக்கா,” என்றேன். “ஒரு வாரம். ஒரு வாரத்துல உங்க அவரை தேறலேன்னா மீதியை நானே என் கையால பிடுங்கிடறேன்.”

“என் வலை, என் பந்தல். நீ சொல்லி நான் எடுக்கணுமா?” அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய வேகத்தில் கம்பியிலிருந்த சட்டை கீழே விழுந்தது. அதை நான் எடுத்துப் போடவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் ரோஷம் உண்டு.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொசுவலை அப்படியே இருந்தது. ஆனால் பூப்பாத்தியைப் பார்த்த பக்கத்தில் மட்டும் செங்கல் நகர்ந்திருந்தது. வலையின் அந்த ஓரம் ஒரு ஆள் உயரத்துக்குச் சுருட்டி மேலே தூக்கப்பட்டு, அக்காவின் கூந்தல் கிளிப்பால் பந்தல் காலோடு சேர்த்து மாட்டப்பட்டிருந்தது. மீதமிருந்த கொத்தமல்லிப் பூவிலிருந்து ஒரு பொறிவண்டு புறப்பட்டு, அந்தத் திறப்பு வழியாக உள்ளே போனது.

நான் கீழே இறங்கிப் போய் நின்றேன். அக்கா துவைக்கிற கல்லில் சட்டையின் தோளை பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“காத்து வரட்டும்னு தூக்கிவிட்டேன்,” என்றார். “வேற ஒண்ணும் இல்ல.”

“நல்லதுக்கா.”

“உள்ள புழுங்குது.”

“புழுங்கத்தான்க்கா செய்யும்.”

மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் யாருக்கும் வாயில் நுழையாது. அவர்கள் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை, கேட்காததை மறந்துவிடுவேன் என்றும் நினைக்கவேண்டாம். அத்தான் புரட்டிப்போட்ட பாதியைக் கொத்திச் சமன்படுத்தி, முழு மல்லியைக் கொண்டுவந்து துவைக்கிற கல்லின் காய்ந்த ஓரத்தில், அக்கா தேய்க்கும் சட்டைக்குப் பக்கத்திலேயே, பரப்பித் தேய்க்க ஆரம்பித்தேன். உள்ளங்கைக்கு அடியில் விதை விதையாகப் பிளந்தது. அக்கா பிரஷ்ஷை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்.

“எதுக்கு உடைக்கிறே? முழுசாப் போட்டா முளைக்காதா?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் இருந்தது. ஆனால் ஒருவர் ஒன்று எப்படி நடக்கிறது என்று கேட்டுவிட்டால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

“ஒரு உருண்டைக்குள்ள ரெண்டு விதை இருக்குக்கா,” என்றேன். மல்லியில் பாதியை அவர் பக்கமாகத் தள்ளிவைக்காமல்தான் சொன்னேன். அவர் தானாகவே ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒரு பிடி மல்லியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

“இது உனக்காக இல்ல,” என்றார். “என் பக்கத்து ஓரத்துக்கு.”